கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவள்

பாப்பா,

வியாழக்கிழமை சாயங்காலம் நீ ஃபோனில் கேட்ட கேள்விக்கு, "உன் இஷ்டம் கண்ணு, நல்லா யோசிச்சு செய்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகும் அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றிருக்கிறேன். சாமைச் சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. உன் அப்பா பானைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னா, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?" என்றார். எனக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதிலை நான் உனக்குச் சொன்னது அன்றைக்கு மட்டும் இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ முக்கியமாக எதைக் கேட்டாலும் என் வாயில் அதுதான் வந்திருக்கிறது. பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுக்கிற அம்மா என்று உன் பள்ளிக்கூட டீச்சர்கள் என்னைப் பாராட்டியதும் உண்டு. அது சுதந்திரம் இல்லை, பயம். இப்போதுதான் அதை ஒத்துக்கொள்கிறேன். நாற்பத்திரண்டு ஒன்றும் பெரிய வயதில்லை. உன்னோடு பஸ் ஸ்டாண்டில் நின்றால் இன்னும் அக்காவா என்று கேட்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தைப் பதினாறு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தால் உள்ளுக்குள் கிழடு தட்டிவிடுகிறது.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, முதலில் அதை இங்கே எழுதிவிடுகிறேன். போன சனிக்கிழமை மத்தியானம் உன் பகுதியில் மலைச்சரிவில் தீப்பிடித்தது. நீ வனத்துறையில் வனவராகி எட்டு மாதம்தான் ஆகிறது. உன்னோடு எட்டு ஆண்கள், எல்லாரும் உன்னைவிட மூத்தவர்கள். வனக்காவலர் முனுசாமிக்கு உன் அப்பாவைவிட வயது அதிகம். பச்சைக் கிளையால் அடித்தும், தீ தாண்டாமலிருக்கப் புல்லைச் செதுக்கிக் கோடு போட்டும் ஒரு மணி நேரம் தீயோடு மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். அதுவரை ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்த புகை சட்டென்று நேராக நின்றது. பிறகு உங்கள் பக்கம் திரும்பியது. நீ விசில் அடித்து எல்லாரையும் பக்கத்திலிருந்த மொட்டைப் பாறைக்குப் போகச் சொன்னாய். "இன்னும் அரைமணி நேரம் போதும்மா, அணைச்சிடலாம்" என்றார் முனுசாமி. "அப்புறம் பேசிக்கலாம்ணா, நடங்க" என்றாய். பாறைக்கு வந்ததும் தலையை எண்ணினாய். மறுபடியும் எண்ணினாய். உன்னையும் சேர்த்து ஒன்பது. தீயை உங்கள் பக்கம் தள்ளும் என்று நினைத்த காற்று வரவே இல்லை. புகை கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் அலைந்துவிட்டுப் பழைய திசைக்கே போய்விட்டது. நீங்கள் விட்டுவிட்டு வந்த கோட்டைத் தாண்டிய தீ, ஓடை வரைக்கும் இருந்த மூங்கிலை எல்லாம் தின்றுவிட்டது.

மறுநாள் உன் அதிகாரி, "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னார். டீக்கடையில் நீ பின்னால் நிற்பது தெரியாமல் யாரோ ஒருவர், "மேடம்கூட போனா பத்திரமா வூட்டுக்கு வந்துடலாம்டா. காடுதான் வராது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீ டீ குடிக்காமலே திரும்பிவிட்டாய். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்திக்கொள்கிறாய். அலுவலக வேலைக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பம் எழுதிப் பையில் வைத்திருக்கிறாய். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். "எனக்கு முடிவெடுக்கத் தெரியலம்மா. கொடுக்கட்டா, வேணாமா? நீ சொல்லு" என்றாய். நீ அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இதையெல்லாம் நீ உன் குற்றங்களின் பட்டியல் மாதிரி சொன்னாய். நான் வேறு மாதிரிக் கேட்டேன். எட்டுப் பேரையும் முன்னால் அனுப்பிவிட்டு நீ கடைசியில் வந்தாய் என்பதைப் போகிற போக்கில், தாமதமாக வந்த மாதிரிச் சொன்னாய். தலையை இரண்டு முறை எண்ணியதை, பதறிப்போனதற்குச் சாட்சியாகச் சொன்னாய். அதிகாரி அப்படிச் சொன்னபோது காற்றின் மேல் பழி போட்டிருக்கலாம், முனுசாமிக்கு மூச்சு வாங்கியது என்று சொல்லியிருக்கலாம். நீ சொன்னது, "நான்தான் சார் கூப்பிட்டேன்." அவ்வளவுதான். பாப்பா, உனக்கு இருபத்திமூன்று வயது. சரிவில், புகையில், வயதில் மூத்த எட்டு ஆண்களுக்கு நடுவில் நின்று, சரியாகத் தெரியாத ஒரு விஷயத்தில் சரியாகத் தெரிந்தவள் மாதிரிப் பேசி, எல்லாரையும் நடக்க வைத்திருக்கிறாய். என் வயிற்றில் பிறந்த பிள்ளையா இது என்று நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அதை ஃபோனிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மலைத்துப்போவது எனக்குப் புதிதும் இல்லை. பத்தாவது முடித்தபோது உன்னைப் பதினொன்றாவதில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று இந்த வீட்டில் மூன்று நாள் பஞ்சாயத்து நடந்தது. உன் மாமா, என் அண்ணன், தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துகொண்டு, "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் கணக்கு? டீச்சருக்குப் படிக்க வெச்சா வூட்டுக்கும் ஆச்சு, வேலைக்கும் ஆச்சு" என்று பேசினார். உன் அப்பா அவர் சொன்னதற்கும் தலையாட்டினார், நான் சொன்னதற்கும் தலையாட்டினார். நான் வழக்கம்போல, அவ இஷ்டம் என்றேன். மூன்றாம் நாள் மாமா உன்னையே கூப்பிட்டு, "நீயே சொல்லு பாப்பா, இன்னா படிக்கப் போற?" என்று கேட்டார். நீ பலாக்கொட்டையை உரித்துக்கொண்டே, "சயின்ஸ் குரூப்ல திங்கக்கிழமையே பேர் குடுத்துட்டேன் மாமா. நீங்க பேசிக்கினு இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்" என்றாய். மாமாவுக்கு வாயில் இருந்த பலாக்கொட்டை புரையேறிவிட்டது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன். முடிவெடுக்கத் தெரியாது என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னால் நான் எப்படி நம்புவேன்?

நீ பரீட்சைக்குப் படித்த காலத்தில் வாங்கி வைத்த புத்தகங்கள் இங்கே அலமாரியில் இருக்கின்றன. நூலகத்திலிருந்து நான் கொண்டுவரும் கதைகள் தீர்ந்துபோகும்போது அவற்றையும் படிப்பேன். தலைவர் ஆவது எப்படி, உறுதியாக முடிவெடுப்பது எப்படி என்று நாலைந்து புத்தகம். ஒன்றில் ஏழு படி சொல்கிறார்கள், இன்னொன்றில் பத்துப் படி. அதில் முடிவெடுக்கிறவர்கள் எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், எதிரில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. கேலி செய்யவில்லை, நல்ல விஷயங்களும் இருக்கின்றன, பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ஆனால் எல்லாப் புத்தகமும் ஒரு முடிவை எப்படி எடுப்பது என்றுதான் சொல்கிறது. எடுத்த முடிவைப் பார்த்து ஊர் சிரித்த பிறகு, அடுத்த முடிவை எப்படி எடுப்பது என்று எதிலும் இல்லை. எனக்கு அந்தப் பக்கம்தான் வேண்டியிருந்தது. இப்போது உனக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்ததை நானே எழுதுகிறேன்.

உன் அப்பா புளியமரத்திலிருந்து விழுந்தது உனக்குத் தெரியும். உனக்கு அப்போது ஏழு வயது. கிளை திடீரென்று முறிந்துவிட்டது என்றுதான் நீயும் ஊரும் இத்தனை வருடம் நம்பியிருக்கிறீர்கள். அப்படிச் சொன்னது நான். அது பொய்.

அந்த வருடம்தான் நம் மகளிர் குழு முதல் முறையாகப் புளி மரங்களைக் குத்தகைக்கு எடுத்தது. பன்னிரண்டாவது வரை படித்தவள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று இருபத்தாறு வயதில் என்னைத் தலைவி ஆக்கிவிட்டார்கள். வீட்டு ஆண்கள் மரத்தில் ஏறி உலுக்குவார்கள், பெண்கள் கீழே தார்ப்பாய் விரித்துப் பொறுக்குவோம். தலைவிக்கு ஒரே வேலை, பொறுக்காமல் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பது. மரத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், திரும்பினால் கால் பிசகும். அதனால் கீழே நிற்பவள் கையில் ஒரு கல் வைத்திருப்பாள். ஆபத்து என்று பட்டால் அடிமரத்தில் மூன்று தட்டு. மேலே இருப்பவருக்குக் காது கேட்காவிட்டாலும் உள்ளங்காலில் அதிர்வு தெரியும். உடனே இறங்கிவிட வேண்டும். ஏன், எதற்கு என்று மரத்தில் இருந்துகொண்டு கேட்கக் கூடாது. கால் தரையில் பட்ட பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

மாசி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. மரத்து நுனிகள் ஆடின. நான் மரத்துக்கு மரம் ஓடிப்போய்த் தட்டினேன். ஏழு பேரும் இறங்கினார்கள். மேகம் நம் தலைக்கு மேலேயே போய் எங்கோ கலைந்தது. ஒரு சொட்டு இல்லை, காற்றும் இல்லை. சுள்ளென்று வெயில் அடித்தது. உன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "தங்கச்சி, ரேடியோல இன்னா சொல்றாங்க? மறுபடி ஏறலாமா, இல்ல வூட்டுக்குப் போய்ட்டு போத்திக்கினு படுக்கட்டா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பாப்பா, என் தவறு ஆரம்பித்த இடம் அதுதான். மரத்தடியில் நின்றபோது இல்லை, அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டபோது. காற்று வரும் போல இருந்தது, தட்டினேன், நாளைக்கும் அப்படி இருந்தால் நாளைக்கும் தட்டுவேன் என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல், நானும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அதற்கப்புறம் பத்து நாளும் அதே பேச்சுதான். "ஏ தலைவி, காக்கா ஒக்காந்துச்சு, மரம் ஆடுது பாரு, கல்ல எடு!" என்று உன் மாமா மேலேயிருந்து கத்துவார். அடுத்த மரத்தில் இருப்பவர், "காக்காவையும் எறங்கச் சொல்லும்மா" என்பார்.

பதினோராவது நாள் உன் அப்பா பெரிய மரத்தில் ஏறியிருந்தார். அவர் நின்றிருந்த கிளையை உலுக்கும்போதெல்லாம் அடித்தண்டோடு சேரும் இடத்திலிருந்து பொடி கொட்டியது. காப்பித்தூள் மாதிரி, மெல்லிசாக. நீல நிறத் தார்ப்பாயில் அது தெளிவாகத் தெரிந்தது. உளுத்த மரத்தில்தான் அப்படிக் கொட்டும், எனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் பக்கத்தில் பொறுக்கிக்கொண்டிருந்த குப்பம்மா அத்தையிடம், "அண்ணி, இது இன்னா பொடி?" என்று கேட்டேன். அவள் உன் அப்பாவின் சொந்த அக்கா. நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மரத்துல பொடி கொட்டாம பொங்கச் சோறா கொட்டும்? நீ வேற" என்றாள். இன்னும் ஒரு முறை உலுக்கட்டும், பார்க்கலாம் என்று நினைத்தேன். உலுக்கினார். பொடி இன்னும் அதிகமாகக் கொட்டியது. நான் மரத்துக்குப் பக்கத்தில் போனேன். கல்லோடு கையை ஓங்கினேன். எதிர் மரத்திலிருந்து உன் மாமா என்னைப் பார்த்துவிட்டார். பல்லைக் காட்டினார். அவ்வளவுதான். என் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அது எவ்வளவு நேரம் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு ஆள் கீழ்க்கிளைக்குக் கால் மாற்றிக்கொள்ளும் அளவுக்கு நேரம் இருந்தது. பிறகு சத்தம் கேட்டது.

ஜீப்பில் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஒன்றும் இல்லை. இடது கால் மட்டும் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது. எப்படி விழுந்தார் என்று வழியெல்லாம் கேட்டார்கள். "கிளை திடீர்னு முறிஞ்சிடுச்சு" என்றேன். முதல் ஆளிடம் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தாவது ஆளிடம் சொன்னபோது அது எனக்கே உண்மை மாதிரி இருந்தது. அந்த வாரமே தலைவி வேலையை விட்டுவிட்டேன். வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா பாவம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் ஆமாம் என்றேன். அன்றைக்கு விட்டதுதான். அதன் பிறகு எந்த இடத்திலும் நான் முன்னால் நின்றதில்லை. கூட்டத்தில் பின் வரிசையில் உட்கார்ந்தேன், புத்தகம் படித்தேன், யாருக்கும் காட்டாமல் எழுதிப் பெட்டிக்குள் போட்டேன். உன்னையும் உன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டேன். நீ நன்றாக வளர்ந்தது உன் சாமர்த்தியம்.

எனக்குப் பதிலாகத் தலைவி ஆனது குப்பம்மா அத்தை. கையெழுத்துப் போடத் தெரியாதவள். நான் கேட்ட கேள்விக்குப் பொங்கல் சோறு என்று பதில் சொன்னதை அவள் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் கல்லைக் கையில் எடுத்த பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். ஒரு பருவத்தில் பத்துத் தடவையாவது தட்டுவாள். அதில் பாதி வீண். இறங்கியவர்கள் முணுமுணுப்பார்கள், சிரிப்பார்கள். அவள் அசைய மாட்டாள். "சிரிங்கடா, நல்லா சிரிங்க. சிரிக்கறதுக்கு வாய் கீது இல்ல, எனக்கு அது போதும்" என்பாள். நான் கவனித்த இன்னொன்று உண்டு. தட்டி இறக்கிய பிறகு அவள் யாரையும் உடனே ஏறவிட மாட்டாள். எல்லாரையும் உட்கார வைத்து, தண்ணீர்க் குடத்தை நடுவில் வைத்து, "இப்ப கேளுங்க. யாரு இன்னா பாத்தீங்க?" என்பாள். உன் மாமா ஒருமுறை, "எங்க கிளை நல்லாத்தான் இருந்துச்சுக்கா, நீதான் அவசரப்பட்டுட்ட" என்றார். "சரிடா, அவசரப்பட்டுட்டேன்" என்றாள். மறுநாள் அதே மாமாவின் மரத்தில் மறுபடி தட்டினாள். அவர் இறங்கி வந்து குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தலைவியாக இருந்த வருடங்களில் யாரும் விழவில்லை. எந்தத் தட்டு யாரைக் காப்பாற்றியது என்று யாருக்கும் தெரியாது. அது தெரிய வழியே இல்லை. உன் பாறையின் மேல் நின்ற ஒன்பது பேரின் கதையும் அதுதான். மூங்கில் எரிந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். நடக்காமல் போனதை யார் பார்க்க முடியும்?

அதனால் பாப்பா, நீ சனிக்கிழமை செய்ததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை அடுத்த சனிக்கிழமையைப் பற்றி. மறுபடி ஒரு புகை நேராக நிற்கும். நீ விசிலை வாயில் வைப்பாய். யாரோ ஒருவர் உன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுவார். அந்த நேரத்துக்கு உன்னைத் தயார்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். நீ பாதி வேலையைச் சரியாகச் செய்துவிட்டாய், மீதிப் பாதியைச் செய்யவில்லை. சரிவில் நின்றுகொண்டு விளக்கம் சொல்ல நேரமில்லை, "அப்புறம் பேசிக்கலாம்ணா" என்றாய். அது சரி. ஆனால் அந்த 'அப்புறம்' இன்னும் வரவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டாய். முனுசாமி இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள். அவர் என்ன பார்த்தார், ஏன் அரைமணி நேரம் போதும் என்று நினைத்தார் என்று கேள். அவருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாததாக இருக்கலாம். அவர் சரியாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால், சரிண்ணா என்று சொல். நீ பார்த்ததையும் சொல். அடுத்த முறையும் புகை அப்படி நின்றால் இப்படித்தான் கூப்பிடுவேன் என்பதையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல். டீக்கடையிலும் போய் டீ குடி. அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நீ சேர்ந்து சிரிக்காதே. கோபமும் வேண்டாம்.

நேற்றுக் காலை உன் அப்பா நம் அரவை மில்லைத் திறந்து, சாமை உடைக்கிற மெஷினுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். நான் போய் வாசலில் நின்றேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. விழுந்தவர் அவர்தானே.

"அன்னிக்கு உங்க கிளைல பொடி கொட்டுச்சு. நான் பாத்தேன். பாத்துக்கினே நின்னேன், தட்டல" என்றேன்.

அவர் பெல்ட்டை விடாமல், "தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"கல்லத் தூக்கிக்கினு நின்ன இல்ல. மேலருந்து பாத்தா தெரியாதா?" பெல்ட்டை இழுத்துச் சக்கரத்தில் மாட்டினார். "எனக்கும் காலுக்கடியில நெறநெறன்னு கேட்டுச்சு. நீ தட்டுவ, எறங்கிடலாம்னு இருந்தேன். தானா எறங்கியிருந்தா உங்கண்ணன் சும்மா உடுவானா? அந்தக் காக்கா கதையில என்னையும் சேத்திருப்பான்."

"பதினாறு வருஷமா ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ ஏன் சொல்லல?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளக் கீழ தள்ளிட்டோம். அந்த ஆளு நானாப் போய்ட்டேன், வேற இன்னா."

நானும் சிரித்தேன், அழுதுகொண்டே. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "பாப்பா கேட்டதுக்கு இன்னா சொன்ன?" என்றார். உன் இஷ்டம் என்று சொன்னதாகச் சொன்னேன். அவர் மெஷினைப் போடப் போனவர் நின்றார். "அந்தப் புள்ள எட்டுப் பேரை எறக்கிட்டு உன்னக் கேக்குது. நீ இன்னும் கல்லக் கீழ வெக்கலையா?" என்றார். மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் பேசினால் காதில் விழாது. உன் அப்பாவுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியும். இந்த மனிதரோடு இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவரிடம் ஒரு உண்மையைச் சொல்லப் பயந்திருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இதை இரண்டு படி எழுதியிருக்கிறேன். ஒன்றைக் குழுக் கூட்டத்தில் யாராவது உரக்கப் படிக்கட்டும் என்று குப்பம்மா அத்தையிடம் கொடுக்கப் போகிறேன். நான் என் எழுத்தை யாருக்கும் காட்டுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு மரத்தடியில் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். அவர்களிடம் சொன்ன பொய்யை உன்னிடம் மட்டும் திருத்திக்கொண்டால் ஆகாது. அவர்கள் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும், உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

இனி உன் கேள்வி. நீ கேட்டது, கொடுக்கட்டா வேணாமா என்று. கொடுக்காதே. அந்த வேலையில் நீ இரு. காரணங்களை எல்லாம் மேலே எழுதியிருக்கிறேன், ஆனாலும் நான் சொல்வது சரி என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அடுத்த தீயில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒவ்வொரு பங்குனி வெயிலிலும் நான் பயந்துகொண்டுதான் இருக்கப் போகிறேன். நீ ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி எனக்கு வேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது. இருந்தும் கொடுக்காதே என்கிறேன். புகை எப்படி நிற்கிறது என்று பார்க்கவும், பார்த்ததும் வாய் திறக்கவும் தெரிந்த ஒரு ஆள் அந்தச் சரிவில் இருக்க வேண்டும். உன்னோடு இருக்கிற எட்டுப் பேர் வீட்டிலும் என்னை மாதிரி ஒருத்தி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். ஒரு வருடம் கழித்து நான் சொன்னது தப்பு என்று உனக்குப் பட்டால், நேராக வந்து என்னைத் திட்டு. நான் மறுபடியும் 'திடீர்னு' என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டேன். நீ இதையெல்லாம் படித்துவிட்டும் விண்ணப்பத்தைக் கொடுத்தால், அது உன் முடிவு, அதையும் மதிப்பேன். ஆனால் என் பதில் என்ன என்று தெரியாமல் நீ கொடுக்கக் கூடாது.

தபாலில் போட்டால் இது உன் கைக்கு வருவதற்குள் திங்கட்கிழமை தாண்டிவிடும். ஃபோனில் படித்துக் காட்டலாம் என்றால், பாதியில் என் குரல் பழையபடி இறங்கிவிடுமோ என்று பயம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஜீப்பில் நம் புதூர்நாட்டிலிருந்து மலை இறங்கி, திருப்பத்தூரில் ஒரு பஸ், வேலூரில் ஒரு பஸ் மாறி வருகிறேன். மலைக்கு அந்தப் பக்கம்தான் நீ இருக்கிறாய், போய்ச் சேர ஒரு முழு நாள் ஆகிறது. இவ்வளவு தூரம் நான் தனியாக வந்ததில்லை. அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். உன் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து இதை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ படிக்கும்வரை நான் வாயைத் திறக்கப் போவதில்லை. இந்த வரிக்கு வந்துவிட்டாய் என்றால் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார். எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினதை இப்போது என் வாயால் சொல்லப் போகிறேன்.